அறுபது கதிரைகள்

ஞாயிறு காலை ஏழு மணி.
வின்னிபெக்கில் சூரியனுக்கு
இன்னும் வேலைநேரம் தொடங்கவில்லை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு முழுக்க
யார் யாரோ வேர்த்த விரிப்புகளை மடித்துவிட்டு
நேரே இங்கே வந்தேன்.
ஐந்து நாள் இது பள்ளிக்கூடம்.
ஞாயிறில் மூன்று மணித்தியாலம்
எங்கள் சபை.

கதிரை விரிப்பது என் பங்கு,
ஜெபிப்பது எப்சிபாவின் பங்கு.
கலியாணம் முடித்த நாளிலிருந்து
இந்தப் பாகப்பிரிவினையில் எங்களுக்குள் வழக்கில்லை.

வரிசைக்குப் பத்து, ஆறு வரிசை.
கூடைப்பந்துக் கோடுகள்தான் அளவு.
சிவப்புக் கோட்டில் முழங்கால் வலிக்காரர்,
நீலக் கோட்டில் கைக்குழந்தைக்காரர்.
சிலுவை மாட்ட அனுமதியில்லாத சுவரில்
வலை கிழிந்த ஒரு வளையம்.
கடைசி வரிசை, வாசலோரக் கதிரை எனக்கு.
பக்கத்துக் கதிரையில் என் கோட்டைப் போட்டு வைப்பேன்
ஒருவரும் வந்து இருந்துவிடாதபடி.
ஏனென்று எப்சிபா கேட்டதில்லை.

சமாதானம் என்று போதகர் சொல்லும்போதெல்லாம்
எனக்குள் ஒரு வானொலி கரகரக்கும்.
அந்தச் சொல் எனக்கு வேதாகமத்தில் கிடைத்ததல்ல,
இரவுச் செய்தியில் கிடைத்தது.
கையெழுத்தாகிவிட்டது என்றார்கள்.
பாதை திறக்குமாம் என்று
தம்பி சைக்கிளுக்கு எண்ணெய் விட்டான்.
பிறகு முறிந்துவிட்டது என்றார்கள்.
பிறகு தம்பியைப் பற்றி
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பனிப்புயல்.
ஆராதனை இல்லையென்று
எல்லாருக்கும் செய்தி போயிருக்கிறது.
என் போன் குளிரில் செத்துக் கிடந்தது.
அறுபதாவது கதிரையையும் விரித்துவிட்டுக்
காத்திருந்தேன்.
ஒன்பதரை. பத்து. பத்தேகால்.
காற்று மட்டும் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

வெறும் கதிரைகள் ஒரு சத்தம் போடும்,
நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள்.
சூடாக்கி ஓடத் தொடங்கியதும்
இரும்பு இளகி
இங்கே ஒரு டிக், அங்கே ஒரு டிக்,
பிந்தி வந்தவர்கள் ஒவ்வொருவராய்
மெல்ல இருப்பதுபோல.

ரொடோல்போ, பள்ளிக்கூடம் துப்புரவாக்குகிறவர்,
துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.
அறுபது கதிரை இருக்க
நேரே வந்து
என் கோட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
அந்தக் கதிரையிலேயே இருந்தார்.

"சனம் எங்கே?"
"சனத்துக்கு மூளை இருக்கிறது."

பிளாஸ்கைத் திறந்தார். மூடியில் எனக்கு, குவளையில் தனக்கு.
இஞ்சி கொஞ்சம் கூட.
ரோட்டு மூடிக் கிடப்பதால்
தனக்கும் இன்றைக்குப் பூசை இல்லை என்றார்.
பிறகு மணிக்கூட்டைப் பார்த்து,
"இந்த நேரம் நாங்கள் கை கொடுப்போம்" என்று
கையை நீட்டினார்,
தன் பாஷையில் ஒரு சொல் சொன்னார்.

அந்தக் கையை எத்தனை நேரம் காத்திருக்க வைப்பது?
பிடித்தேன்.
"சமாதானம்" என்றேன்.
சொல்லிவிட்டு, உள்ளே
அந்தக் கரகரப்புக்குக் காது கொடுத்தேன்.
வரவில்லை.

ஐம்பத்தெட்டு வெறுங்கதிரை பார்த்திருக்க
கிழிந்த வளையத்தின் முன்னால்
இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டிருக்கிறோம்.
சிரிப்பு வந்தது.
மைனஸ் முப்பதில்
மூன்று நாள் இருமிக்கொண்டு நின்ற கார்
திடீரென்று பற்றிக்கொள்ளுமே, அப்படி.
நான் சிரிக்க அவர் சிரிக்க
கூரையில் மோதி அது திரும்பி வர
அதற்கும் சிரித்தோம்.
கண்ணிலிருந்து வந்ததையும்
சிரிப்பின் கணக்கிலேயே எழுதிவிட்டேன்.

சாட்சி சொல்லென்கிறாள் எப்சிபா.
என்னத்தைச் சொல்வது?
தம்பி வரவில்லை.
புயல் மாலை வரைக்கும் நிற்கவில்லை.
வீட்டுக்கு நடந்த நாற்பது நிமிடமும்
என்னிடம் ஏதோ பத்திரமாக இருந்தது,
கோட்டுக்குள் ஒளித்த தேத்தண்ணிச் சூடுபோல.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு கோட்டைக் கொளுவியில் மாட்டினேன்.
போதகர் கதிரைகளை எண்ணிவிட்டு
"அறுபத்தொன்று. ஒன்று கூட" என்றார்.

இருக்கட்டும் என்றேன்.