இரண்டு கோடு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஷிபின் கடைக் கண்ணாடிமேல் மூன்றையும் பரப்பினான்:
நெஞ்சில் கட்டும் வார்,
மணிக்கட்டுக் கடிகாரம்,
புஜத்தில் மாட்டும் பட்டை.
"அண்ணன் ஓடுவியளா நடப்பியளா?"
ரெண்டுக்கும் நடுவில ஒண்ணு, என்றேன்.

நெஞ்சுவாரை முதலில் எடுத்தேன்.
பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தானே
உள்ளே நடப்பது தெரியும்.
இழுத்துக் கட்டினால் மூச்சு முட்டியது,
தளர்த்தினால்
வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.
"கணக்கு சரியா சொல்லும். ஆனா
நீங்க ரெண்டு நாளுக்குமேல கெட்டமாட்டிய."
கருங்கல் அண்டியாபீஸில்
இருபத்திரண்டு வருஷமாய் மூட்டைக் கணக்கு எழுதுகிறவனை
ஒரே பார்வையில் கூட்டிக் கழித்துவிட்டான்.

கடிகாரம் வேண்டாம் என்று முன்பே தெரியும்.
மைத்துனன் ஜெரினுடையதை இரவல் வாங்கி
பட்டணங்கால் கரையில் ஒரு வாரம் ஓடினேன்.
அது என் காலடியை எண்ணி
இதயம் என்று எழுதிவைக்கும்.
மூச்சே இரைக்காத இறக்கத்தில்
நூற்று அறுபத்தெட்டு.
கள்ளக்கணக்கு எனக்குத் தெரியாதா.

மிச்சம் புஜப்பட்டை.
துணி தனியாகக் கழருமா, துவைக்கலாமா,
பழைய போனோடும் பேசுமா,
ஒரு சார்ஜுக்கு எத்தனை விடியற்காலை,
எல்லாம் கேட்டேன்.
கேட்க மறந்தது ஒன்றுதான்.

தபசிமுத்துவின் அடியந்திரத்தில்
இலை போடும்போது எடுத்த முடிவு இது.
நாற்பத்தெட்டு அவனுக்கு. எனக்கு ஒன்று குறைவு.
"நூற்று நாற்பதுக்குமேல் போகாதீங்க" என்று
டாக்டர் சீட்டில் எழுதி
அடியில் இரண்டு தடவை கோடிட்டார்.

அதிகாலை ஐந்து மணி.
முழங்கைக்கு மேலே, சதை உள்ள இடத்தில்,
நழுவக்கூடாது, நெரிக்கவும் கூடாது,
ஒரு விரல் நுழைந்தால் போதும்.
மாட்டினேன். பச்சை வெளிச்சம் எரிந்தது.
போனில் எண்ணுக்குப் பதில்
இரண்டு கோடு.

தண்ணீர் தொட்டுத் துடைத்தேன்.
ஏற்றினேன். இறக்கினேன்.
இரண்டு கோடு.
காப்பியோடு வந்த விஜிலா எட்டிப் பார்த்தாள்:
"அங்கதான பச்சை குத்தியிருக்கு?
மைக்குள்ள வெளிச்சம் எப்பிடிப் போவும்?"

பத்தொன்பது வயதில்
மண்டைக்காட்டுக் கொடையில்
ஏழு பேர் வரிசையாய் நின்று குத்திக்கொண்டது.
வெண்புறா கபடிக் குழு, மணலிக்கரை.
குழு தோள்பக்கம் ஏறிவிட்டது,
மணலிக்கரை மங்கிவிட்டது,
வெண்புறா மட்டும் மை பரவிக்
காக்கையாய் இருக்கிறது.

அன்று எங்களுக்கு அளவு ஒன்றே.
ஒரு மூச்சு.
விட்டால் அவுட்.
தபசிமுத்து பாடிக்கொண்டே போவான்,
மூன்று பேர் இடுப்பில் தொங்க
விரல்நுனி நடுக்கோட்டில் விழும்வரை
பாட்டு அறாது.
அவன் நெஞ்சு அப்போது எத்தனை அடித்தது என்று
கேட்கத் தோன்றவில்லை யாருக்கும்.
விசிலடித்தோம்.

வலது கைக்கு மாற்றினேன்.
உடனே பேசியது: அறுபத்தாறு.
கரையேறியதும் தொண்ணூற்றொன்பது.
வாத்துக்காரனின் பாலம் தாண்டி நூற்று இருபத்தேழு.
நூற்று முப்பத்தொன்பதில் நடையாக்கினேன்.
பின்னால் வந்த ரப்பர் பால்காரர்
சைக்கிளில் கடந்து போனார்,
வாளி தளும்பாமல்.

அன்று சாயங்காலம் விஜிலா
அதை மட்டிக்குலையில் சுற்றிவிட்டுக் கூப்பிட்டாள்.
பழத்துக்கு எண்பத்தொன்று!
"ஒங்களவிட நல்லா இருக்கு" என்றாள்.
சிரித்ததில் எனக்குக் கண்ணில் தண்ணி.
ஷிபினிடம் சொன்னேன்.
"வெளிச்சம் எதையாவது எண்ணும் அண்ணா,
மனுசன்தானான்னு அதுக்குத் தெரியாது."

துவைத்த பட்டை கொடியில் காய்கிறது.
வேர்வை உப்பு நின்றால் தோல் அரிக்கும்,
வாரம் இருமுறை சோப்பு.
எல்லாம் பழகிவிட்டது.

ஒன்றை மட்டும் விஜிலாவிடமும் சொல்லவில்லை.
ஓடப் போகுமுன்
முதலில் இடது கையில்தான் மாட்டுகிறேன்.
வாழைப்பழத்துக்குக்கூட எண் சொன்ன கருவி
அங்கே ஒன்றும் சொல்வதில்லை.
இரண்டு கோட்டையும் ஒரு நிமிஷம் பார்ப்பேன்.

பிறகு கழற்றி
வலது கையில் மாட்டிக்கொண்டு
கரைக்கு இறங்குவேன்.