பேசிக்கொண்டே குளி

ரிச்சி தெருவில் மூன்றாவது கடைக்காரர்
லைட்டர் வாயுவைப் பீய்ச்சிக் காட்டினார்.
வெள்ளைப் பெட்டி அலறியது.
"எல்லா கேஸுக்கும் இதுதான் சார், எட்டுநூத்தம்பது."

இல்லை அண்ணே.
இது சிலிண்டர் கசிவுக்கு.
அது கனம், தரையோடு ஊரும்,
வாடையாவது அடித்து ஆளை எழுப்பும்.
நான் தேடி வந்தது
அடுப்பு சரியாக எரியாததால் பிறப்பது.
நிறமில்லை, நாற்றமில்லை,
நாம் மூச்சுவிடும் உயரத்தில்
நம்மோடு சேர்ந்து நிற்கும்.

"யாருக்கு சார்?" என்றார்.
அதற்கு ஒரு மாதக் கதை இருந்தது.
பின்னால் ஆள் நின்றதால்
"வீட்டுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

வில்லிவாக்கம், இரண்டாம் மாடி.
குளியலறை மூன்றுக்கு ஐந்து.
வென்டிலேட்டரை வீட்டுக்காரரே
கொசுவுக்காகப் பலகை வைத்து அடைத்திருந்தார்.
உள்ளே கேஸ் கீசர்.
மார்கழி பிறந்ததும்
நீலச் சுடரின் நுனி மஞ்சளானது.
"அழகா இருக்குல்ல?" என்றாள் சுகிர்தா.

மூன்று வாரம் அவளுக்குத் தலைவலி.
சைனஸ் என்றோம், பனி என்றோம்.
தாம்பரத்தில் தங்கை வீட்டில் இருந்த இரண்டு நாளும்
வலியே இல்லை.
தங்கை போட்ட காபியின் மகிமை என்று
அப்போதும் சிரித்தோம்.

ஒரு செவ்வாய் காலை கூப்பிட்டேன்,
தண்ணீர் மட்டும் பதில் சொன்னது.
எதிர்வீட்டு இம்தியாஸ் பாய் லுங்கியை மடித்துக் கட்டி
மூன்று உதையில் தாழ்ப்பாளைப் பெயர்த்தார்.
முதலில் துண்டை உள்ளே எறிந்தார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு கால்பக்கம் தூக்கினார்.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில்
முகமூடியின் நாடாவை இறுக்கியபடி
ஒரு பயிற்சி டாக்டர்தான் கேட்டாள்:
"குளிக்க வீட்ல என்ன எரிக்கிறீங்க?"

வீட்டுக்காரர் கதவைப் பார்வையிட்டார்.
ஆயிரத்து எண்ணூறு, அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாராம்.
சுவரில் ஓட்டை மட்டும் போடக் கூடாதாம்.
பலகையைப் பெயர்த்தோம்.
கீசரைப் பின்பால்கனிக் கம்பிக்கு வெளியே மாட்டி
குழாயை மட்டும் அந்த வழியாக உள்ளே விட்டோம்.
ஆனாலும்
காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று
யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்?

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்:
பேசிக்கொண்டே குளி.
நடைவழியில் முக்காலி போட்டு நான் ம் கொட்டுவேன்.
உள்ளிருந்து அவள்
மளிகைப் பட்டியல் சொல்வாள்,
அலுவலகத்து நிர்மலா குமாரியின் கஞ்சத்தனம் சொல்வாள்,
எதுவும் தீர்ந்துபோனால்
பிராட்வே வரைக்குமான பஸ் நிறுத்தங்கள்.
கல்யாணமாகி ஒன்பது வருடத்தில்
இவ்வளவு நேரம் நான் அவளைக் கேட்டதில்லை.

நாலாவது கடை. சால்டரிங் புகைக்குள் ஒரு பெண்
இரண்டு பெட்டி எடுத்துப் போட்டாள்.
மலிவானதைத் திருப்பிப் பார்த்தேன்.
தயாரித்து ஏழு வருடம்.
உள்ளிருக்கும் மூக்குக்கு ஆயுளும் ஏழு.
பிரிக்காத பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

மற்றது மூவாயிரத்து இருநூறு. எண் காட்டும்.
"பத்து வருஷம் தாங்கும்ண்ணா."
எங்கள் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம்.
வாங்கினேன்.

நீராவி படக் கூடாது, திரைக்குப் பின்னால் கூடாது.
ஆணி அடிக்க அனுமதி இல்லை.
நடைவழி அலமாரியில்
பைபிளுக்கும் மின்கட்டண அட்டைக்கும் நடுவே
என் மூக்கு மட்டத்தில் நிறுத்தினேன்.
பூஜ்யம் காட்டியது.
கணக்கு வாத்தியார் போட்டதையும் சேர்த்து
எந்த பூஜ்யத்தையும் இவ்வளவு ஆசையாய்ப் பார்த்ததில்லை.

"இனிமே அது பாத்துக்கும்.
நீ போய்ப் பேப்பர் படி" என்று
கதவைச் சாத்தினாள்.

தண்ணீர்.
பூஜ்யம்.
தண்ணீர்.

தாங்கவில்லை, சோதனைப் பொத்தானை அமுக்கினேன்.
தெருநாய் குரைக்கும் அளவுக்குக் கத்தியது.
"என்னாச்சு!" என்றாள் உள்ளிருந்து.

ஒண்ணுமில்ல,
வேலை செய்யுதான்னு பார்த்தேன்.

கொஞ்ச நேரம் சொம்புச் சத்தம்.
பிறகு,
"நேத்து அயனாவரத்துல நிறுத்தினேன் இல்ல?"

ம்.