மீன்பெட்டிக்குள் பதினொரு தட்டுகள்

மாலை நாலரைக்கு மூன்றாம் எண் கூண்டை
நான்தான் ஏற்றினேன்.
கயிறு ஈரமாயிருந்தது.
விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
குந்துகால் பக்கம் ஒதுங்கின.
அதிகாரி ராமநாதபுரத்துக்குப் போன் பேசினார்.
நான் சைக்கிளை எடுத்தேன்.
வீட்டில் நூற்று நாற்பது ஜாஸ் தட்டுகள்.
கூரை ஆஸ்பெஸ்டாஸ்.

மெர்சலின் முன்பே தீர்மானித்திருந்தாள்.
ஐஸ் கம்பெனியில் இரவல் வாங்கிய தெர்மாகோல் பெட்டி, ஒன்றே ஒன்று.
‘பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளையோட மார்க் ஷீட்.
மிச்ச இடம் உங்களுக்கு.’
மிச்சம் மூன்று விரற்கடை.
நெருக்கிப் போட்டால் பதினொன்று.

யோசிக்குமுன் கை போனது
டம்ளர் உடையும் தட்டுக்கு.
ஏதோ ஊரில், ஏதோ மதுக்கடையில் பதிந்தது,
பியானோ, பேஸ், டிரம்ஸ், மூன்றே பேர்.
இரண்டாம் பக்கத்தில் யாரோ
கண்ணாடி டம்ளரைக் கீழே போடுகிறார்.
பியானோக்காரர் அரை நொடி நிற்கிறார்,
பிறகு அந்தச் சத்தத்தையே ஒரு சுரமாக்கி
மேலே போகிறார்.
போட்டவர் இன்னும் கூச்சப்பட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்தது சாக்ஸபோன். பக்கம் முழுக்க ஒரே உருப்படி,
பத்தொன்பது நிமிடம்.
அதன் முடிவைக் கேட்க எனக்கு மூன்று வருடம் ஆனது.
பதினைந்தாம் நிமிடத்தில் மின்சாரம் போகும்,
தட்டு தளர்ந்து, தொண்டை இறங்கி,
மாடு கத்துவதுபோல் நிற்கும்.
ஒரு ஞாயிறு மின்சாரம் போகவில்லை.
முடிவு சுமார்தான்.
மாடே தேவலை.

வாய் பொத்திய ட்ரம்பெட் ஒன்று,
பல்லைக் கடித்துக்கொண்டு உண்மை பேசுகிற ஆள் மாதிரி.
நெய்னா கப்பலில் சமையல் பார்த்தபோது
டர்பனில் வாங்கி, அரிசி மூட்டைக்கடியில் வைத்து
கீழக்கரைக்குக் கொண்டுவந்தான்.
அதனால் வளைந்திருக்கிறது.
சுற்றுக்கு ஒருமுறை ஊசி
வத்தைபோல் ஏறி இறங்கும்.

கீறல் விழுந்த பெண்குரல்.
ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வாள்.
‘வருவேன்’ என்கிறாள் என்பது மெர்சலின்,
‘வராதே’ என்பது நெய்னா.
எழுந்துபோய் நான் ஊசியைத் தள்ளும்வரை
வருவதும் வராததும் அங்கேயே நிற்கும்.

அந்த டிரம்ஸ்காரரைத் திருப்பிக்கொடுக்கப் பார்த்தேன்,
தாளம் தவறுகிறார் என்று.
பாலத்தில் ரயில் ஊர்வதைக் கேட்ட ஒரு விடியலில் புரிந்தது:
தவறவிடவில்லை,
காற்றுக்கு வழி விடுகிறார்.

பேஸ் மட்டும் தனியே வாசித்தது. அதைப் போட்டால்
நாய் எழுந்து கடலைப் பார்க்கும்.
ஏழு, எட்டு, ஒன்பது.
பளபள அட்டைக்குள் ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி,
அதிக விலை கொடுத்தது அதற்குத்தான்.
அதை விட்டேன்.
அவர்கள் இருபது பேர், நீந்திக்கொள்வார்கள்.

பத்து என்று எண்ணி நிமிர்ந்தபோது
மெர்சலின் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள்.
நான் முழுசாய் ஒருதரமும் கேட்காத ஆர்கன் தட்டு.
‘இது எதுக்கு?’
‘நீங்க டூட்டிக்குப் போனதும்
துணி துவைக்கையில போடுறது.’
பதினாலு வருடமாகவாம்.
ஊசி ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று
மதுரைக் கடைக்காரனிடம் எத்தனை சண்டை.

சாக்ஸபோனுக்கும் ட்ரம்பெட்டுக்கும் நடுவே
வீட்டுப் பத்திரத்தைச் செருகினாள்.
பழுப்பு டேப் சுற்றினோம்.
பள்ளிக்கூடத்தில் அந்தப் பெட்டிமேல்தான்
பிள்ளை தலைவைத்துத் தூங்கினாள்.

புயல் வேதாரண்யம் பக்கம் திரும்பிவிட்டது.
எங்கள் கூரையில் ஓர் ஆணி கழன்றது, அவ்வளவுதான்.
கூண்டை இறக்கினேன். கயிறு அப்போதும் ஈரம்.
அலமாரியில் நூற்று இருபத்தொன்பதும்
வைத்தது வைத்தபடி, பொட்டு ஈரமில்லாமல்.

பெட்டிக்குள் போன பதினொன்றிலும்
சூடை மீன் வாடை.
வினிகர், எலுமிச்சை, வெயில், ஒன்றுக்கும் போகவில்லை.
போன வாரம் பத்திர ஆபீஸில்
எழுத்தர் பத்திரத்தைப் பிரித்து
மூக்கைச் சுளித்து என்னைப் பார்த்தார்.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் மெர்சலின்,
துவைக்கும்போது தலையை ஆட்டுவாளாயிருக்கும்,
அப்படி லேசாய் ஆட்டி,
‘ஆர்கன் சார்’ என்றாள்.