இடது பின் கதவு

ஆட்டோ எலக்ட்ரீசியன் சேவுகன் முதலில் கேட்டது
"எத்தனை நாளாக்கா எரியுது?"
ஆவணியிலிருந்து என்றேன்.
தேதிகூடச் சொல்லியிருக்கலாம்.

கதவெல்லாம் சாத்தியிருக்கும்,
சாவி கைப்பையில் இருக்கும்,
உள்விளக்கு மட்டும் அணையாது.
ராத்திரி பதினொரு மணிக்கு எதிர்வீட்டு நாகஜோதி
போன் போட்டு, "வண்டிக்குள்ள யாரு இருக்கா?" என்பாள்.
யாரும் இல்லை என்று
எத்தனை தடவை சொல்வது.
மூன்றாம் நாள் காலை
செல்ஃப் ஒரு முக்கு முக்கிவிட்டுப் படுத்துவிடும்.
பால்காரரும் நானும் தள்ளுவோம்.

ஒத்தக்கடை மெயின்ரோட்டில்
யானைமலை பாதி வெயிலை மறைக்கிற பக்கம்
சேவுகனின் பட்டறை.
பேட்டரியின் மைனஸைக் கழற்றி
இடையில் மீட்டரைச் சொருகினான்.
பூஜ்யம் புள்ளி நான்கு இரண்டு.
"பெருசா ஒண்ணுமில்லக்கா,
ஆனா தூங்காமத் தின்னுக்கிட்டே இருக்கு."

கூரை விளக்கின் மூடியைக் கத்தியால் நெம்பினான்.
மூன்று நிலைச் சுவிட்ச் சும்மா பேருக்கு இருந்தது.
எனக்கு முன்னால் வைத்திருந்தவர்
அதைத் தாண்டி நேராக வயர் இழுத்துவிட்டாராம்.
"பல்பைப் பிடுங்கிரவா? ரெண்டு நிமிஷ வேலை."
கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயேன் என்று
பெரியப்பா மகள் சொன்னதும் இதே குரலில்தான்.
வேண்டாம், எதனால் என்று பாருங்கள் என்றேன்.

நான்கு கதவையும் திறந்து போட்டான்.
கண்மாய்க் கல்லில் சிறகு காயவைக்கும்
நீர்க்காகம்போல நின்றது வண்டி.
கதவு நிலையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு பின்.
கதவு வந்து அமுக்கினால் அது உள்ளே போகும்,
விளக்கு அணையும்.
அமுக்காவிட்டால்
இன்னும் யாரோ ஏற வேண்டியிருக்கிறது என்று
வண்டி நினைத்துக்கொள்ளும்.
அவ்வளவுதான் அதன் அறிவு.

டிரைவர் பக்கத்துப் பின்னைக் கழற்றினான். எரிந்தது.
என் மகன் உட்காரும் முன்சீட்டு. எரிந்தது.
வலது பின்பக்கம் ரப்பர் வெடித்திருந்தது,
இதுதான் என்று இரண்டு பேருமே நம்பினோம்.
எரிந்தது.
டீ வந்தது. குடித்தோம்.
டிக்கியை வேறு ஒருமுறை அடித்துப் பார்த்தான்.

மிச்சம் ஒன்று.
அதிலிருந்தே தொடங்கச் சொல்லியிருக்கலாம் நான்.

வயரை உருவியதும் பொசுக்கென்று அணைந்தது.
பட்டப்பகலில் ஒரு விளக்கு அணைந்தது
எங்கள் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும்.

பின்னை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
நுனி ஒரு நெல் அளவு ஒடிந்திருந்தது.
"கதவு சாத்துது, ஆனா இத எட்டல.
யாரோ ஓங்கி அடிச்சிருக்காய்ங்கக்கா."

மேலூர் சார்பதிவாளர் ஆபீஸ்.
விடுதலைப் பத்திரம் தட்டச்சாகி
என் பெயருக்கு நேரே கோடு போட்டுக் காத்திருந்தது.
ஒரு ஏக்கர் முப்பது சென்ட், பாதிக் கிணறு.
படித்துப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன்.
முன்சீட்டு காலியாக இருந்தும்
தம்பி பின்னால் ஏறிக்கொண்டான்.
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாய் திறக்கவில்லை.
இறங்கினான்.
அந்தச் சத்தத்துக்குப்
பூக்கடைக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"தெரியலையே" என்றேன் சேவுகனிடம்.

பழைய இண்டிகா ஒன்றிலிருந்து பின் எடுத்துப் போட்டான்.
நூற்றைம்பது ரூபாய், டீக்கும் சேர்த்து.
"மெதுவாச் சாத்திப் பாருங்க."
சாத்தினேன். அணைந்தது.
திறந்தேன். எரிந்தது.
சீட்டுக்குக் கீழே
அவன் செருப்போடு வந்த கரம்பை மண்
காய்ந்து உதிர்ந்து கிடந்தது.
சாத்தினேன்.

பத்திரம் இன்னும் டாஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது.
அன்று ராத்திரி நாகஜோதி போன் போடவில்லை.
பதினொன்றரைக்கு நானே ஜன்னலைத் திறந்தேன்.
தெருவில் வண்டி எங்கே நிற்கிறது என்று
கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.