முள் எங்கே நிற்க வேண்டும்

பெட்டியோடு வந்த இருக்கை
கரைந்துபோன சோப்புத்துண்டு மாதிரி இருந்தது.
அதில் உட்கார்ந்து எவனும்
பர்மா வரை போயிருக்க முடியாது.

காலாவதியான இக்காமா அட்டையை எடுத்து
பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து
நகக் கனத்துக்குக் கொண்டுவந்தேன்.
வெட்டிய பிறகுதான் பார்த்தேன்,
விமானியின் முதுகு சாயும் இடத்தில்
என் புருவத்திலிருந்து மேலுதடு வரை.
இருபத்தாறு வயது.
மீசை அப்போது ஒழுங்காக இருந்தது.

எடை குறைக்க அசல் இருக்கையில் துளைகள் உண்டு.
அரை மில்லிமீட்டர் பிட்டை
விரலிடுக்கில் உருட்டி உருட்டிப் பதினொன்று போட்டேன்.
ஒன்று இடது கண்ணில் விழுந்தது.
தள்ளிப் போட்டிருக்கலாம்.
அளவு அளவுதான்.

ஜுபைல், நான்காம் கேம்ப், அறை பதினேழு.
வெள்ளிக்கிழமை மட்டும் மேசை எனக்கு,
மற்ற நாளெல்லாம் ரைஸ் குக்கருக்கு.
நெய்னா கட்டிலில் இருந்தபடி எட்டிப் பார்த்தார்.
'ஹயபூசாவா? அது பைக்கில்லையா?'
பைக்குக்கு முன்னால் விமானம் என்றேன்.
'விமானத்துக்கு முன்னால?'
ராஜாளி.
நம்ம கம்பெனி முதலாளி கையுறையில்
முகமூடி போட்டு உட்கார்ந்திருக்குமே, அது.
'அதுக்குத் தனி பாஸ்போர்ட் இருக்கு, தெரியுமா'
என்றார். தெரியும்.

பழைய டெலிபோன் ஒயரின் செம்பு இழை
பக்கச் சுவரின் குழாய்களாயிற்று.
லபன் புட்டி மூடித் தகடு இடுப்புப் பட்டை.
ஆக்சிஜன் வரும் நேர்க்குழாய்க்கு
நெய்னாவின் இன்சுலின் ஊசி.
'ஜப்பான்காரனுக்கும் சர்க்கரை வந்துரப் போவுது.'

காக்கிப் பச்சையை மூன்று முறை கலந்தேன்.
முகத்தின் மேல் பூசும்போது
மூக்கு போயிற்று, மீசை போயிற்று.
வலது கண்ணைக் கடைசியாக.

பகலில் நான் கேஜ் பார்க்கிறவன்.
கண்ணாடியில் தட்டினால் முள் துள்ள வேண்டும்.
துள்ளாவிட்டால் கழற்று, பெஞ்சில் ஏற்று,
பூஜ்யத்திலிருந்து நாற்பது பார் வரை படிப்படியாக ஏற்றி இறக்கு.
ஒன்பது வருடம்.
பொய் சொல்லும் முள் வாசலிலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு கேஜ் ஒன்றரை மில்லிமீட்டர்.
கறுப்பு வட்டம்,
ஒற்றை முடித் தூரிகையால் வெள்ளைக் கோடுகள்,
கண்ணாடிக்கு ஒரு சொட்டு வார்னிஷ்.
ஏசி காற்றில் முடி ஆடுகிறது.
ஜூலையில் ஏசியை நிறுத்த
நான்கு பேர் சம்மதிக்க வேண்டும்.
இரண்டு பேர் தூங்கியிருந்தார்கள்,
அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

உயரம் பூஜ்யம், வேகம் பூஜ்யம்,
எஞ்சின் ஓடவில்லை, எண்ணெய் அழுத்தம் பூஜ்யம்.
சரி.
எரிபொருள்?
நின்றுகொண்டிருக்கும் விமானத்திலும்
அது மட்டும் ஏதோ ஒன்றாக இருந்தாக வேண்டும்.
புத்தகத்தில் தேடினேன்.
படங்களில் எல்லா டயலும் ஒரே இருட்டு.

'திரும்பி வாற அளவுக்கு வையி' என்றார் நெய்னா.
எங்கே போய்?
பதில் வரவில்லை.
தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது
'அது போறவனுக்கே சொல்லியிருக்க மாட்டானுவ'
என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து
சாமணத்திலிருந்து 'டிக்'.
மூன்று மில்லிமீட்டர் த்ராட்டில் பிடி,
இரண்டு வெள்ளிக்கிழமை வேலை, காணோம்.
ஹெல்மெட் டார்ச்சைப் போட்டு
கம்பளத்தை முழம் முழமாகத் தடவினேன்.
பிளாண்ட் மணல், வெங்காயச் சருகு,
யாருடைய கால் நகமோ.
இரண்டு மணிக்கு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விடியல் தொழுகை முடிந்து
நெய்னா என் போர்வையை இழுத்தார்.
விளக்கு போட்டிருந்தது.
நெற்றியில், தழும்பேறிய இடத்துக்குச் சற்று மேலே,
சிவப்புக் குமிழோடு
த்ராட்டில்.
'இதுவா பாரு' என்று குனிந்தார்.
ஆறு மணி பஸ் வெளியே ஹாரன் அடித்தது.
சாமணத்தை நீட்டினேன்.
'மூச்சு விடாதே' என்றார்,
தானும் விடாமல்.