பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
தகரவேலிக்குள் எங்கள் யார்டு.
தெருமுனையில் நின்று நின்று
உறுமி ஓய்ந்த டிரான்ஸ்பார்மர்கள்
லாரியில் வந்து இறங்கும்.
மூடியைச் சுற்றிப் பற்றவைத்திருப்பார்கள்,
யாரும் திறக்கவே போவதில்லை என்பதுபோல.

கேஸ் கட்டரால் அறுத்தால் எண்ணெய்,
எண்ணெய் இறங்கினால் அடியில் சேறு.
என்ன எண்ணெய்?
பெயர்த்தகட்டில் வருஷம் மட்டும் இருக்கிறது,
அதிலும் பாதி துரு.
செம்பைப் பிரிக்க ராத்திரியில் கொளுத்துவோம்;
காலையில் கொடியில் காயும் துணிகூட இருமும்.

மூட்டுவலிக்குத் தடவ
ஒரு பாட்டில் கேட்டு வந்தாள் ரோசாலி.
கொடுக்கவில்லை.
இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை அவள்.
என் முழங்கைக் கொப்புளம் எதனால் என்று
டாக்டருக்கே தெரியாதபோது
அவளுக்கு எதைச் சொல்ல.

மழை நாளில் யார்டு வாசலில் வானவில் ஓடும்,
பக்கிங்காம் கால்வாய் வரைக்கும்.
அழகாகத்தான் இருக்கும்.

போன மாதம் ஒன்று வந்தது,
எண்ணூர்ப் பக்கம் புயலில் சாய்ந்தது, வயது நாலு.
கட்டரோடு போன மஸ்தான்
"யக்கா, இத்தப் பாரு" என்றான்.
மூடியைச் சுற்றி போல்ட். எல்லாம் ஒரே அளவு.
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்,
ஒரு டீ ஆறுகிற நேரம்,
அவ்வளவுதான்.
உள்ளிருந்து பலகாரம் சுட்ட வீட்டு வாசனை.
"வடையே போடலாம் போலக்கீது."
மூடியின் உட்புறத்தில்
அழியாத மையில், தமிழில்:
இது செம்பு.
இது காகிதம், தனியே உருவலாம்.
இது விதை எண்ணெய், வடிகட்டி மறுபடி ஊற்றலாம்.

வெளியே எழுதினால் அதிகாரி படிப்பார்.
உட்புறத்தில் எழுதியவர்
என்னை நினைத்திருக்கிறார்.

அதற்காக நம்பிவிடவில்லை,
கையுறையைக் கழற்றவில்லை.
சுருள் மட்டும்
கலையாத பின்னலாய்க் கையோடு வந்தது.
தீ வைக்காத செம்பு.
முதலாளி இரண்டுதரம் நிறுத்துப் பார்த்தார்.

எங்கேயோ ஏசி அறையில் படம் போடுகிறவரே,
உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது.
சுவிட்ச்கியர் பெட்டியில் அடைத்து அனுப்புகிறீர்களே
நிறமில்லாத, வாசமில்லாத ஒரு வாயு,
மேலே போனால் எத்தனை தலைமுறைக்கும் இறங்காதாமே.
வால்வை நாங்கள்தான் திறக்கிறோம்.
அதற்கும் ஏதாவது பாருங்கள்.

சுவரோரம் பழையவை இன்னும் பதினொன்று.
மஸ்தான் தீப்பெட்டி தேடுகிறான்.
அறுக்கப்போகிற மூடியில்
எங்காவது ஒரு போல்ட் தலை தட்டுப்படுமா என்று
ஸ்பேனரை இடுப்பில் செருகியபடி
தடவிக்கொண்டிருக்கிறேன்.