கொடுப்புக்குள்

குனிந்தால் வரும். நிமிர்ந்தால் போய்விடும்.
இடது கன்னத்தில், காதுக்கு இரண்டு விரல் முன்னால்.
கோயிம்ப்ராவின் சரிவுத் தெருக்களில்
வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும்
முட்டி போட்டுப் பதிக்கிறவன் நான்.
நாளில் ஏழு மணி நேரம்
தலை நெஞ்சுக்குக் கீழே.

"அடெரீத்து மத்தியானச் சாப்பாட்டை
இப்போதே ஒதுக்கிக்கொண்டான்" என்பான் செஃபெரீனு.
நானும் சிரிப்பேன், கொடுப்புக்குள்.
உள்ளே வேறொன்றும் இருப்பது
அப்போது தெரியாது.

பல் வைத்தியர் நல்ல கடைவாய்ப்பல் ஒன்றைப்
பிடுங்கிப் பார்த்தார்.
மருந்துக்கடைக்காரி பொன்னுக்குவீங்கி என்றாள்,
ஐம்பத்திரண்டு வயதில்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.
கடிக்கக் கடிக்க
இன்னும் துருத்தியது.

டாக்டர் கிடேரியா
"ஷூ நாடாவைக் கட்டுங்கள்" என்றார்.
என் ஷூவில் நாடா இல்லை.
சும்மா குனிந்தேன்.
அவரும் பக்கத்தில் மண்டியிட்டுக்
கன்னம் நிரம்புவதை
வாளி நிரம்பக் காத்திருப்பவர்போலப் பார்த்தார்.

மெல்லும் தசைக்குள் ரத்தக்குழாய்களின் சிக்கல்.
புற்று இல்லை. அவசரமும் இல்லை.
அபூர்வம் என்றார்,
தபால்தலை ஒன்றைப் பற்றிச் சொல்வதுபோல.
ஸ்கேனில் வெள்ளையாய் மூன்று புள்ளி:
தேங்கிய ரத்தம் சுண்ணாம்பேறிக்
கல்லாகிவிட்டதாம்.
வாய்விட்டுச் சிரித்தேன்.
முப்பது வருஷமாய் ஊருக்குக் கல் பதிக்கிறேன்,
எனக்குள் யாரோ பதித்திருக்கிறார்கள்
மட்டம் பார்க்காமல்.

அதன் மேலேயே ஓடுகிறது முகநரம்பு,
ஐந்து கிளையாக.
வரைந்து காட்டினார்:
இது கண்ணை மூட, இது உதட்டை இழுக்க.
சீழ்க்கை எந்தக் கிளை என்று கேட்டேன்.
பேனாவை மூடாமல் கொஞ்சம் யோசித்தார்.
"இரண்டு மூன்று சேர்ந்து."

ஆறு மணி நேரம். எனக்கு ஒரு நொடி.
நரம்பைத் தொட்டால் முனகும் கருவி ஒன்று வைத்து,
முனகாத இடமாய்ப் பார்த்து
வெட்டினார்களாம்.
தசையில் பாதியும் கூடவே போயிற்று.
விழித்ததும்
கண்ணை மூடச் சொன்னார்கள்.
இப்போதுதானே திறந்தேன்?
மூடினேன்.
அறையில் யாரோ "அப்பாடா" என்ற சத்தம்.

உதட்டின் இடதுகோடி மட்டும்
மார்ச் மாதம் வரை பிந்தியே வந்தது.
எல்லோரும் சிரித்து முடித்தபின்
நான் மீதிப் பாதியைச் சிரிப்பேன்.

அந்த மூன்று கல்லைக் கேட்டேன்.
பரிசோதனைக்கூடத்தில் நறுக்கிவிட்டார்களாம்.

இப்போது அங்கே ஒரு பள்ளம்.
மழைத்தண்ணீர் நிற்கும் என்கிறான் செஃபெரீனு.
குனிகிறேன். எதுவும் வருவதில்லை.
சுத்தியலை வைத்துவிட்டுத்
தொட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும்.
சீழ்க்கையில் காற்றுக் கொஞ்சம் ஒழுகுகிறது.
தெருவில் போகிறவர்கள்
கவனிப்பதில்லை.